சீனிக்கு மூச்சு வாங்கியது

எங்கள் வீட்டுப் பூனை விளையாடி முடித்ததும் வாயைத் திறந்து சிரிக்கும். சிரிப்பதாகத்தான் நான் நம்பியிருந்தேன். நாக்கு லேசாக வெளியே தெரியும், வயிறு சடசடவென்று ஏறி இறங்கும். சிரிக்கிற பூனை எங்கள் வீட்டில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

பெயர் சீனி, வெள்ளை நிறம். அதைக் கொண்டுவந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். சிவகாசிக்கு வெளியே ஒரு கம்பெனியில் பட்டாசு மருந்து கலக்கும் வேலை. காலையில் தெருமுனைக்கு வேன் வந்து கூட்டிப் போகும். சாயங்காலம் இறங்கும்போது அலுமினியப் பொடி அப்பி, வெள்ளி பூசிய ஆள் மாதிரி இருப்பார். குளித்துவிட்டு இரண்டு வாழைப்பழம் தின்பார். உள்ளே போன தூசியைப் பழம் வழித்துக்கொண்டு போய்விடும் என்பது அந்த வேலைக்காரர்களின் நம்பிக்கை.

பிறகு சீனியோடு விளையாட்டு. அச்சாபீசில் கழித்துப் போட்ட காகிதக் கீற்றை நூலில் கட்டி அவர் இழுத்துக்கொண்டு ஓட, பூனை துரத்தும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். "மச்சான், ரெண்டு பேர்ல யாரு செயிச்சது?" என்று என் அப்பா, நாங்கள் அத்தா என்போம், கேலி செய்வார். மாமா பேச முடியாமல் பூனையைக் கைகாட்டுவார். எங்களுக்கு அது தினசரி வேடிக்கை.

அந்த வருஷம் தீபாவளி சீசனில் பூனையின் சிரிப்பு நீண்டுகொண்டே போனது. நாலு தாவு தாவினாலே வாயைத் திறந்துவிடும். மாமா தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். வாழைப்பழத்தைப் பிசைந்து அதன் வாயருகே நீட்டினார். சீனி முகர்ந்து பார்த்துவிட்டு, இவனெல்லாம் ஒரு வைத்தியனா என்பதுபோலத் திரும்பிக்கொண்டது.

ஒருநாள் காலையில் மூச்சு அடங்கவேயில்லை. கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துவிட்டது. நான் அழுத அழுகையைப் பார்த்து மாமா வேனை விட்டுவிட்டார். காலண்டர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அதற்குள் சீனியை வைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். வழியில் மாமா அடிக்கடி நின்றார். "பெட்டி கனக்குது தாயி, அம்புட்டுதான்" என்றார்.

டாக்டர் அதன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குவது வழக்கம், பூனைக்கு அது வழக்கமில்லை என்றார். ரொம்ப ஓடினால் எப்போதாவது வாங்கும், உட்கார்ந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காவிட்டால் இதயமோ நுரையீரலோ பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். பூனை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது, ஒன்றுமில்லாததுபோல நடமாடும், நமக்குத் தெரியவரும்போது முற்றியிருக்கும் என்றார். இனி ஓடவிடவே கூடாதாம்.

மாமா யாரிடமும் கேள்வி கேட்கிறவர் அல்லர். அன்று விடாமல் கேட்டார். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருமா? ராத்திரியில் அதிகமாகுமா? பசி குறையுமா? டாக்டர் ஆமாம் ஆமாம் என்றார். சீனி இதையெல்லாம் செய்து நான் பார்த்ததே இல்லை. நான் தூங்கும்போது மாமா கவனித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "தூசி இல்லாத எடமாப் பாத்து வச்சுக்கிட்டா சரியாப் போகுமாங்கய்யா?" என்று கேட்டார்.

"வீட்டுக்குள்ள வளர்ற பூனைக்குத் தூசி எங்கருந்து வருது?" என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமாவும் சிரித்தார்.

அன்றிலிருந்து வீட்டில் புதுச் சட்டம். அத்தா காகிதக் கீற்றைப் பரணில் போட்டார். சீனிக்குக் கோபம் வரும்படி யாரும் நடக்கக் கூடாது என்றாள் அம்மா. அப்படித் தாங்கியதாலோ என்னவோ, சீனி அடுத்த தீபாவளியையும் பார்த்தது. மாமா பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலையும் வேன் வந்தது. லோடு போகவேண்டிய நேரம், லீவு கிடையாது. தெருமுனைக்குப் போவதற்குள் மாமா மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீனி அவரிடம் ஓடிவிடக் கூடாதே என்று, நான் வாசலில் உட்கார்ந்து அதை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன்.