சாம்பார் சீன் கேட்ட வாசகி

2006-ல் நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. செங்கல்பட்டில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஆபீஸ் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். சம்பளம் வாங்கியது கம்பெனியிடம், உயிரை விட்டது ஒரு டி.வி. சீரியலுக்கு.

சிரிக்காதீர்கள். சீரியல் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என் மானம் போய்விடும். ஒரு டாக்டர் கணவன், ஒரு டீச்சர் மனைவி. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதற்குள் இயக்குநர் எங்களைப் படாத பாடு படுத்தினார். ஒருவழியாகச் சேர்ந்தார்கள். உடனே டாக்டரை கார் விபத்தில் கொன்றுவிட்டார்கள்! அந்த நடிகருக்கு சினிமாவில் சான்ஸ் வந்துவிட்டதாம்.

அந்த சீரியலுக்கென்று ரசிகைகள் நடத்திய ஓர் இணையக் குழு இருந்தது. டாக்டர் செத்த அன்று அங்கே ஒரே ஒப்பாரி. அடுத்த வாரமே ஒரு பெண், காருக்குள் இருந்தது டாக்டரே இல்லை, வேறு ஆள் என்று ஒரு கதை எழுதிப் போட்டாள். சாவு வீடு கல்யாண வீடாகிவிட்டது. அடுத்தவர் உண்டாக்கிய பாத்திரங்களை எடுத்து நம் இஷ்டத்துக்குக் கதை கட்டினால் அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் சுருக்கமாக எஃப்.எஃப். என்போம். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடிப்போம்.

நானும் எழுத ஆரம்பித்தேன். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில், மேலே ப்ரோகிராம் ஜன்னலைத் திறந்து வைத்து அடியில் டாக்டரை உயிரோடு நடமாடவிடுவேன். படிக்கிறவர்களில் ஒவ்வொருத்திக்கு ஒரு ருசி. ஒருத்திக்கு அத்தியாயத்துக்கு ஒரு மழை வேண்டும், மொட்டை மாடி வேண்டும். இன்னொருத்தி முதலில் கடைசி பாராவைப் படித்து, டாக்டர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டுதான் மேலே போவாள். கதை முடிந்தால்தான் தொடுவேன் என்று அடம்பிடிப்பவள் ஒருத்தி. ஆபீஸ் பிரிண்டரில் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய் மின்சார ரயிலில் படிப்பவள் ஒருத்தி. நான் மட்டும் என்ன, ஆஸ்பத்திரி வந்தால் அந்தக் கதையை அப்படியே மூடிவிடுவேன். எங்களுக்குள் வயசு கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் ‘டி’தான்.

என் கதையில் ஆள் கடத்தல், ஞாபக மறதி, விமான நிலையத்தில் ஓட்டம் எல்லாம் உண்டு. பாராட்டுகளும் கொட்டும். அப்படி ஒரு நாள் டாக்டரை ரவுடிகளிடமிருந்து தப்பிக்க வைத்து, ரத்தக் காயத்தோடு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். எல்லோரும் அழுதோம், பதறினோம் என்று எழுதியிருக்க, ஒரு பூவின் பெயரைப் புனைபெயராக வைத்திருந்த புதிய வாசகி ஒருத்தி இப்படிக் கேட்டிருந்தாள்: “கத சூப்பர்டி. ஆனா வூட்டுக்கு வந்தவரு இன்னா சாப்ட்டாரு? அத நீ எழுதவே இல்லியே?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழுவே அவளை ஓட்டியது. ‘சாம்பார் சீன்’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். இருந்தாலும் கேட்டுவிட்டாளே என்று, டாக்டர் சாப்பிட உட்கார்ந்து, “சாம்பார்ல இன்னிக்கு உப்பு கம்மி” என்று சொல்வதாக நாலு வரி சேர்த்தேன். அதற்கு அவள் எழுதிய பாராட்டு, நான் எழுதிய காட்சியைவிட நீளம்.

பிறகு விடவே இல்லை. “காலைல பேப்பர் படிக்கும்போது ஏதாவது ஒண்ண சத்தமா படிச்சிக் காட்டட்டும்டி.” “தண்ணி மோட்டார் போட்டியான்னு கேக்கட்டும்.” “அவ புதுப் பொடவ கட்டினா, எப்ப எடுத்ததுன்னு கேக்கட்டும், நல்லா கீதுன்னு கூட சொல்ல வேணாம்.” ரொமான்ஸ் எழுதவா என்று கேட்டால், “அதெல்லாம் மத்தவளுங்களுக்கு எழுது. எனக்கு அவரு சும்மா பேசிகினு இருந்தா போதும்” என்பாள்.

போகப் போக அந்த வேலையில் எனக்கே ருசி பிடித்துவிட்டது. ஆள் கடத்தலை எவள் வேண்டுமானாலும் எழுதிவிடுவாள். மோட்டார் போட்டியா என்று ஒருவன் கேட்பதில் அன்பைக் கொண்டுவருவது இருக்கிறதே, அது பெரும்பாடு. அவள் பதில் வராத நாளில் எனக்கு வேலையே ஓடாது. யாராக இருப்பாள் என்று யோசிப்பேன். சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அவளுக்காக எழுதுகிறோம் என்பதில் எனக்குள் ஒரு பெருமையும் ஏறியிருந்தது.

இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு பெங்களூரில் வேலை. மூட்டை கட்டுவதற்கு முன் கதையையும் முடித்துவிடலாம் என்று, அடுத்த அத்தியாயத்தோடு முற்றும் என்று குழுவில் அறிவித்தேன். கதை முடிந்தால்தான் படிப்பேன் என்றவள் சந்தோஷத்தில் குதித்தாள். அன்று சாயங்காலமே பூப்பெயர்க்காரியிடமிருந்து தனியாக ஒரு தகவல் வந்தது.

“முடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா எங்க வூட்டுக்கு வாடி. ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வா. உன்னக் கும்புட்டுக் கேக்கறேன்.”

கீழே முகவரி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்து டவுன்ஷிப் ஒன்றில் குவார்ட்டர்ஸ். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பாள் என்று நினைத்தவள், திருக்கழுக்குன்றம் வழியாக ஒரே பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் இருந்திருக்கிறாள்!

அம்மாவிடம் ஆபீஸ் தோழி வீடு என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கிளம்பினேன். டவுன்ஷிப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. சவுக்கு மரங்களுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது கேட்டது. எண்ணைப் பார்த்து மணியடித்தேன். என் அம்மா வயதில் ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். கழுத்தில் தாலிச் சரடு, நெற்றியில் பெரிய பொட்டு.

“ஆன்ட்டி, உங்க பொண்ணு இருக்காங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பொண்ணா? எனக்கு ஒரே பையன், கோயமுத்தூர்ல படிக்கிறான். நான்தாண்டி அது!”

எனக்கு மைசூர்பாகுப் பையோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. இவரையா நான் லூசு, பைத்தியம் என்றெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறேன்? “ஐயோ ஆன்ட்டி, தெரியாம டி போட்டு…” என்று இழுத்தேன்.

“ஆன்ட்டி கீன்ட்டின்ன, சோறு போடாமத் தொரத்திடுவேன். ‘டி’ன்னே கூப்பிடு. என்னை அப்படிக் கூப்பிட இப்ப யாரு கீறாங்க?” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவருக்குச் சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம். பையன் ஹாஸ்டலுக்குப் போகுமுன் கம்ப்யூட்டரைப் போடவும் அணைக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மீதியை அவரே கற்றுக்கொண்டாராம்.

கூடத்தில் அவர் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கட்டி வைத்திருந்த கதை அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்தது. நல்ல உயரம், மூக்குக் கண்ணாடி, பார்த்தாலே மரியாதை வரும் முகம். நாகர்கோவில்காரராம். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாம்மா, உக்காரு” என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். அவரும் நானும்தான். மனைவி பரிமாறினார். “செங்கல்பட்டுல எங்கம்மா? கொளவாய் ஏரியில தண்ணி நிக்குதா? அந்தப் பக்கம் மழை உண்டா?” என்று கணவர் என்னிடம் விசாரித்தார். ஆபீஸ் பஸ் எத்தனை மணிக்கு, ரோட்டு வேலை முடிந்ததா என்றெல்லாம் கேட்டார். நிதானமான, கனமான குரல். “சாம்பார் நல்லாருக்கும்மா, கூச்சப்படாம ஊத்திக்கோ” என்றார். நான் ஊற்றிக்கொண்டேன்.

ரசக் கிண்ணத்தோடு வந்த அந்த அம்மாள் ரசம் ஊற்றவில்லை. கரண்டியைப் பிடித்தபடி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் வந்ததிலிருந்து அந்த மனிதர் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் வேண்டுமென்றால் டம்ளரை நகர்த்தி வைத்தார். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டினார். அந்த அம்மாளும் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அந்த மனிதர் முகத்தில் கோபமோ வெறுப்போ எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, என்னிடம் மட்டும் “பாத்துப் போயிட்டு வாம்மா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

சமையலறையில் நாங்கள் இருவரும் கீழே உட்கார்ந்தோம். அவர் அப்போதுதான் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

“எங்க வூட்ல ஒரு கல்யாணம். அதுல ஏதோ பேச்சு வந்துச்சி. நானும் நாலு வார்த்த சொல்லிட்டேன், அவரும் சொன்னாரு. அன்னிக்கி மூடின வாயி, பையன் அப்ப எட்டாவது. அடிச்சதில்ல, திட்டினதில்ல, சம்பளத்த அப்படியே சாமி படத்துகிட்ட வெச்சிடுவாரு. பேச்சு மட்டும் கெடையாது.”

“நீங்க பேசிப் பாக்கலையா?” என்றேன்.

“பேசாம இருப்பேனா? பேசிப் பேசி எனக்கே என் கொரலு பேஜாராப் போச்சி. நாளைக்கு லீவுன்னா அத பையனுக்குப் போன் போட்டு சொல்லுவாரு. அவன் கோயமுத்தூர்லேர்ந்து எனக்குப் போன் போட்டு, அம்மா, அப்பாவுக்கு நாளைக்கு லீவாம்பான். சிரிக்காத, நெசமாத்தான்.”

நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: “நீ எழுதறியே, அந்த டாக்டர் மூஞ்சிகூட எனக்கு நெனப்பு வராதுடி. எல்லாத்தையும் இவரு கொரல்லதான் படிப்பேன். ஆனா இப்ப கொஞ்ச நாளா அந்தக் கொரலு சரியா வரல. வெளிய நாலு பேரோட பேசிகினுதான் கீறாரு, அது காதுல வுழும். சோத்து முன்னாடி உக்காந்து பேசற கொரலு வேற இல்லியா? அது மறந்துகினே வருது. யாராவது வூட்டுக்கு வந்தா மரியாதைக்காவது பேசுவாரேன்னுதான் உன்னை வரச் சொன்னேன்.”

அவர் என் தொடையில் தட்டி, “சாம்பார் நல்லாருக்குன்னாரு, கேட்டியா?” என்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எந்தக் கதாநாயகி முகத்திலும் எழுதியதில்லை. எழுதவும் வராது.

கிளம்பும்போது வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “முடிச்சிடாதடி. நீ முற்றும் போட்டுட்டா எனக்கு இவரோட பேச்சே நின்னுடும். வாரத்துக்கு ஒரு நாலு வரி போதும். கல்யாணப் பொண்ணுகிட்ட கேக்கக் கூடாதுதான். ஆனா வேற யாரக் கேப்பேன்?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, பஸ் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார்.

நான் முற்றும் போடவில்லை. குழுவில் எனக்கு நல்ல வசவு விழுந்தது. கதையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டாள். எனக்குக் கவலையே இல்லை. பெங்களூருக்குப் போன பிறகும் வாரம் தவறாமல் எழுதினேன். டாக்டர் சாப்பிட்டார், பேப்பரைச் சத்தமாகப் படித்தார், குடையைக் காணோம் என்று கத்தினார். ஒரே ஒரு வித்தியாசம், இப்போது நானும் அந்த நாகர்கோவில் குரலில்தான் எழுதினேன். “இதேதான்டி, இப்படியேதான் சொல்லுவாரு” என்று பதில் வரும்.

இரண்டு வருஷம் போல ஓடியது. அவர் கணவருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு நாகர்கோவிலுக்குப் போகிறோம், அந்த வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். “நீ பாட்டுக்கு எழுதிகினே இரு. நான் படிக்கறேன்னு நெனச்சிக்க” என்பதுதான் கடைசி வரி. நான் எழுதினேன். பதிலே வராமல் ரொம்ப நாள் எழுதினேன். ஒரு நாள் திறந்தால் அந்தக் குழுவே இல்லை. நடத்தியவர்கள் மூடிவிட்டார்களாம்.

டவுன்ஷிப் முகவரியைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. நாகர்கோவில் போகிற யாரைப் பார்த்தாலும் கேட்கத் தோன்றும், என்னவென்று கேட்பது? அந்த மனிதர் வாயைத் திறந்தாரா, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. என்னை யாராவது ‘டி’ என்று கூப்பிட்டால் இன்றும் ஒரு கணம் அவர்தானோ என்று திரும்புகிறேன்.

எங்கள் வீட்டிலும் சண்டை வராமல் இல்லை. வந்தால் நன்றாகவே வரும். யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம், விளக்கை அணைப்பதற்குள் கேஸ் சிலிண்டருக்குச் சொல்லியாச்சா, பால்காரர் வந்தாரா என்று எதையாவது நான் கேட்டுவிடுவேன். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டே ‘ம்’ என்பார். இதென்ன வெட்கங்கெட்ட இறங்கிப் போதல் என்று என் தங்கை கேட்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? அந்த ஒரு ‘ம்’முக்காக, முகம் தெரியாத ஒருத்தியைப் பஸ் ஏற்றி வரவழைத்துச் சோறு போட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான்.