கலர் குடிக்காத சம்பந்தம்

எங்கள் சொந்தத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், பெண்ணைப் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். பிடிக்கவில்லையென்றால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தட்டு அப்படியே திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது என்று அடுப்படியில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என்னைப் பார்க்க வந்தவர்கள் திருச்செங்கோட்டுப் பக்கம். பையன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் மேனேஜர். வெளிமாநிலத்தில் வேலை. வந்தால் ஒரு வாரம், போனால் பல மாதம். மறுநாள் ரயில். காரிலிருந்து இறங்கியவர் நேராக எங்கள் வாசல் சேற்றில் காலை வைத்து, ஒரு செருப்பை அங்கேயே பறிகொடுத்துவிட்டு, தனக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு அப்போதே தலை கிறுகிறுத்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது! இதற்குமுன் வந்த நாலைந்து பேரில் ஒருத்தர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து ஆரஞ்சு கலர் சோடாவை எடுத்து டம்ளர்களில் ஊற்றினாள். நான் தட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவருடைய அம்மா டம்ளரைத் தொட்டார். சில்லென்று இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“வேண்டாம் அம்மிணி.”

கையை நீட்டிய மகனையும் ஒரு பார்வை பார்த்தார். நீட்டிய கை மடிக்குப் போய்விட்டது.

தட்டோடு நான் அடுப்படிக்குத் திரும்பியதும், “போச்சு, இதுவும் போச்சு!” என்று அம்மா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். எனக்கு அழுகை வரவில்லை, பொசுக்கென்று கோபம்தான் வந்தது. எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். கோபம் வந்தால் வகுப்பே அடங்கும். அதே குரலோடு ஹாலுக்குப் போனேன்.

“ஏனுங்க, என்னையப் புடிக்கலீன்னா நேராச் சொல்லிப்போடுங்க. ஊத்தி வெச்ச கலரை எதுக்குங்க திருப்பி அனுப்பறீங்க?”

அப்பா எழுந்தே விட்டார். அந்த அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“அட சாமி! புடிக்கலீன்னு ஆரு சொன்னா? ஊரெல்லாம் ஃப்ளூ காச்சல். நாளைக்கு இவன் வண்டிக்குப் போவோணும். சில்லுனு குடிச்சாச் சளி புடிச்சு, காச்சல்ல கொண்டுபோயி உட்றாதா?”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்துவிட்டது. முந்தானையை எடுக்கக்கூட நேரமில்லை. என் முகத்துக்கு நேராகவே இருமித் தீர்த்தார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடுவேனா?

“சில்லுனு குடிச்சா ஃப்ளூ வராதுங்க. தொண்டை வேணாக் கரகரங்கும். ஃப்ளூ ஒரு கிருமிங்க. அது இருக்கறவங்க பக்கத்துல நின்னு இருமுனா, தும்முனாத்தான் நமக்கு ஒட்டும். என்ர கிளாஸ்ல பாதிப் பேரு லீவு. அத்தனை பேரும் கலரா குடிச்சாங்க? ஒருத்தன் தும்முனான், பெஞ்சே படுத்துருச்சு.”

அடக்கப் பார்த்து முடியாமல் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எழுந்து அடுப்படி வாசலுக்கே போய், “அந்தக் கலரைக் குடுங்க அத்தை” என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். “இன்னொண்ணு இருக்குங்களா?” என்றார். இருக்குங்களாவா! பாட்டிலையே தூக்கிக் கொடுத்திருப்பேன். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் அவருடைய அம்மா கடைசிவரை ஒரு சொட்டுகூட வாயில் விடவில்லை. கிளம்பும்போது என் கன்னத்தைத் தடவி, “வாய் நல்லா நீளமாத்தான் இருக்குது. போயிட்டுச் சொல்லியுடறோம்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். கார் நகர்ந்ததும் அப்பா, “குடிச்சது பையன். முடிவு சொல்றது அவிங்கம்மா. இனி நீ பாடமே நடத்திட்டுக் கெட” என்றார்.

மறுநாள் மாப்பிள்ளை ரயிலேறிவிட்டார். தகவல் எதுவும் வரவில்லை. எனக்குக் காய்ச்சல்தான் வந்தது. அடித்துப் போட்ட மாதிரி உடம்பெல்லாம் வலி. போர்வைக்குள் கிடந்தபடி, ஃபோன் அடிக்கும்போதெல்லாம் தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பேன். வாரக் கடைசியில் அந்த அம்மாவே கூப்பிட்டார். குரல் கட்டிப்போயிருந்தது.

“அம்மிணி, நான் எந்திரிக்க முடியாமக் கெடக்கறேன். ஃப்ளூன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு.”

“நானுந்தானுங்க.”

“நீ அன்னிக்குக் கலர் குடிச்சயா?”

“எனக்கு எங்கீங்க குடுத்தாங்க? ஒரு வாய்கூட இல்லீங்க.”

“நானுங் குடிக்கலையே! ரண்டு டம்ளர் குடிச்ச எருமை அங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறான்.” சொல்லிவிட்டு ஒரு பாட்டம் இருமினார். “அப்ப… நான் இருமுனதுதானா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சம்பந்தத்தை நினைத்துக் கடித்துக்கொண்டேன்.

“அடக் கருமமே! பட்டுச்சீலை எடுத்துட்டு வந்து பூ வெக்கறதுக்குள்ள, மருமவளுக்கு மொதச் சீராக் காச்சலைக் குடுத்துப்போட்டனே!”

போர்வையை உதறிவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்றேன். காய்ச்சல் தலைக்கேறிவிட்டதோ என்று அம்மா பதறி ஓடிவந்தாள்.

“என்னைய மருமவள்னு சொல்லீட்டாங்கம்மா!” என்று கத்தினேன்.