நாக்கைத் தூக்கிக் காட்டிய ஆறு மாதங்கள்

இருமல் தொடங்கி மூன்று வாரமாகியும் தூசி என்றே நினைத்தேன். வீட்டில் தையல் வேலை செய்கிறேன், துணித் தூசி எனக்குப் புதிதல்ல. ஒரு காலை துப்பிய சளியில் இரத்தக் கோடு கண்டேன்.

ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை (சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பது) செய்தார்கள். காசநோய் (நுரையீரலைத் தாக்கும் தொற்றுநோய்) என்றார்கள்.

"ஆறு மாசம், ஒரு நாளும் விடாமக் குளிசை குடிக்கணும்" என்றார் டொக்டர். "விட்டா கிருமி மருந்துக்கு அடங்காது. குளிசையால மூத்திரம், கண்ணீரெல்லாம் செம்மஞ்சளா வரும். பயப்படாதீங்க."

குளிசையை (மாத்திரையை) ஒருவர் பார்க்க விழுங்க வேண்டும். கணவர் விடியுமுன் ஒலுவில் துறைமுகத்துக்கு மீன் எடுக்கப் போய்விடுவார். முன்வீட்டு ஃபரீதா ராத்தா (முஸ்லிம்கள் அக்காவை அழைக்கும் சொல்) பொறுப்பெடுத்தார். மருந்துப் பெட்டியும் அவரிடமே இருந்தது. தினமும் காலையில் அவர் முன்னால் விழுங்கி வாயைத் திறப்பேன்.

"நாக்கத் தூக்கு புள்ள."

"நான் என்ன கள்ளியா ராத்தா?"

"கள்ளியோ நல்லவளோ, எனக்கு அடிநாக்குத் தெரியணும்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே விசயம் தெரிந்தவர்கள் மூவர்தான்: கணவர், அவருடைய தங்கை ரூபி மச்சாள், ராத்தா.

இரண்டாம் மாதம் எங்கள் சபையில் திருவிருந்து (ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பகிரும் ஆராதனை) ஞாயிறு வந்தது. இனி மற்றவருக்குத் தொற்றாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். முழங்காலிடப் போனபோது சபைச் சகோதரி ஒருவர் என் தோளைத் தொட்டு வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். எல்லோரும் குடித்த பிறகே பாத்திரம் எனக்கு வந்தது. எனக்குப் பிறகு ஒருவருமில்லை. கண்ணைத் துடைத்தேன். வெள்ளை லேஞ்சியில் (கைக்குட்டையில்) செம்மஞ்சள் கறை.

யார் சொன்னது? சந்தேகம் நேரே முன்வீட்டுக்குப் போனது. அந்த வாரம் ராத்தாவின் சொந்தக்காரர் யாரும் அபாயா தைக்கத் தரவில்லை. கேற்றடியில் அவர் யாருடனோ சிரித்துக் கதைத்ததும் நினைவில் வந்தது. மச்சாளை நான் நினைக்கவேயில்லை. அவர் நம்மவர். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

"இனி மனுசரை நம்பமாட்டேன், ஆண்டவரே, நீர் போதும்" என்று ஜெபித்தேன். மறுநாள் ராத்தா வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் குளிசையும் தண்ணீருமாக என் வாசலில் நின்றார்.

"என்னோட கோவமெண்டா என்னோட வெச்சிக்க. குளிசையோட என்ன கோவம்?"

"எங்கட சபை வரைக்கும் கதை போயிருக்கு ராத்தா."

"ஒங்கட சபையில எனக்கு ஆரத் தெரியும்? என்ட வாயால போனதெண்டா நினைக்கிறாய்?"

நான் குளிசையை மட்டும் வாங்கினேன். அவர் முகம் சுருங்கியது.

"செரி. நினைச்சிக்கிட்டே முழுங்கு."

விழுங்கினேன். நாக்கைத் தூக்கினேன்.

ராத்தாவின் கேள்வி உறுத்த, பின்னேரம் வந்த மச்சாளிடம் கேட்டேன்.

"ஓம், பெண்கள் ஜெபத்தில நான்தான் உங்கட பேரையும் நோய் வருத்தத்தையும் சொன்னனான். பேர் சொல்லாம ஆருக்கெண்டு ஜெபிக்கிற?"

"ஆண்டவருக்கு என்ட பேர் தெரியாதோ மச்சாள்?"

அவர் அழுதார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அவரிடம் ஒன்றைச் சொல்லுமுன் இன்றும் என் வாய் தயங்குகிறது.

விட்ட நாட்களை டொக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அந்த நாட்களை மருந்துக் காலத்தின் கடைசியில் கூட்டித் தந்தார். ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது மறுகா பாப்பம், முதல்ல நாக்கத் தூக்கு" என்றார்.

இதே நோயோடு இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன். யார்மேல் சந்தேகம் வந்தாலும் குளிசையை விடாதீர்கள். ஆண்டவரை நம்புவதென்றால் கதவைச் சாத்திக்கொள்வது என்று எண்ணியிருந்தேன். அந்தக் கதவடிக்குக் குளிசையும் தண்ணீரும் கொடுத்து அவர் அனுப்பியவரைத்தான் நான் சந்தேகித்தேன்.

மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை. அடுத்த திருவிருந்தில் யாரும் சொல்லாமலே கால்கள் வரிசையின் கடைசிக்குப் போயின. பாத்திரத்தில் குடித்து விழுங்கினேன். உடனே வாய் தானாகத் திறந்தது, நாக்கும் மேலெழுந்தது. போதகர் குழம்பிப்போய் நின்றார்.

நான் வாயை மூட அவசரப்படவில்லை. உள்ளே ஒளித்திருப்பதை ஆண்டவர் பார்க்கட்டும்.