மீன் கோடு வரவில்லை

முத்துலட்சுமியை எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வேனிலிருந்து இறக்கும்போது உதடு வீங்கி, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுத்து, கூடையில் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் அந்தக் கூடையை நம்பித்தான் இருந்தார்கள். அன்று மதியம் மீன் குழம்பும் இறால் தொக்கும் சாப்பிட்டிருக்கிறார். எப்படியோ எங்கள் டாக்டர் ஆளைக் காப்பாற்றிவிட்டார்.

மறுநாள் டாக்டர் சொன்னதுதான் முத்துலட்சுமிக்கு இடி. “எது ஒத்துக்கலைன்னு தெரியிற வரைக்கும் மீன், இறால், நண்டு எதையும் தொடாதீங்கம்மா.”

ரத்தம் எடுக்கப் போன என்னிடம் கேட்டார். “மீனத் தொடாம நான் எங்கிட்டுப் போயிப் பொழைக்கிறது, அக்கா?”

நான் லேப் டெக்னீஷியன். கையை நீட்டச் சொன்னேன்.

பவுன் சிவந்தது

தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் உண்டு. ஆனால் இளைப்பு இன்னும் அடங்காத உடம்பில் ஒவ்வாத பொருளைத் துளிகூட விட டாக்டருக்கு மனமில்லை. எங்கள் லேபுக்குப் புதிதாக நானோ ஸ்ட்ரிப் வந்திருந்தது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் சில சொட்டுப் போதும். மீன், இறால், கரப்பான்பூச்சி என்று அதில் தனித்தனி இடம். எதை உடம்பு எதிர்க்கிறதோ, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் போய் ஒட்டிச் சிவப்புக் கோடாகத் தெரியும்.

புதுச் சரக்கு எது வந்தாலும் முகம் சுளிப்பது என் குணம். இதையும் அப்படித்தான் பிரித்தேன்.

“பவுனு செவப்பாவா இருக்கும்?” முத்துலட்சுமி தன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அவ்வளவு பொடியாக்குனா செவந்துரும்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஸ்ட்ரிப் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கண்ட்ரோல் கோடு விழுந்தது. அடுத்து இறால் கோடு, நல்ல அடர்த்தியாக. பிறகு கரப்பான்பூச்சி. எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருட சர்வீஸில் தங்கம் எனக்காக வேலை பார்த்தது அன்றுதான்.

“கரப்பானா? எங்க மாமியா அதத்தானக்கா சொன்னாக. ஒனக்குக் கரப்பான், எறாவ நிறுத்துன்னு. நாந்தான் மல்லுக்கு நின்னேன்.”

மாமியார் சொன்னது தோல் தடிப்பை. ஸ்ட்ரிப் சொன்னது பூச்சியை. இறாலிலும் கரப்பான்பூச்சியிலும் ஒரே சாயலில் ஒரு புரதம் இருக்கிறது. ஒன்றை எதிர்க்கும் உடம்பு மற்றதையும் எதிர்க்கலாம். கடலில் நீந்துவதும் அடுப்பங்கரையில் ஓடுவதும் சொந்தக்காரர்கள் என்றால் பிரமிக்காமல் என்ன செய்வது?

“பூச்சி கெடக்கட்டும். மீன் கோடு?”

வரவில்லை. ஆனால் நேரமும் முடியவில்லை. வாய் வரை வந்த நல்ல சேதியை விழுங்கிக்கொண்டு, “இருங்க” என்றேன். அவர் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். டைமர் அடித்தது. அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் விடவில்லை

ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பி அனுப்ப முடியாது என்றார் டாக்டர். வேறொரு பெரிய லேபுக்கும் ரத்தம் போனது. அங்கேயும் அதே முடிவு. இளைப்பு நன்றாக அடங்கிய பிறகு, வார்டிலேயே ஊசி மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

“எறாவுக்கு மருந்து இல்லையா சார்?”

“ஒத்துக்காத பொருளையே நானோ உறைக்குள்ள வச்சு ஒடம்பப் பழக்குற ஆராய்ச்சி நடக்குதும்மா. அது வரட்டும். அதுவரைக்கும் இறால் கொதிக்கிற பக்கமே போகாதீங்க. வீட்டுல கரப்பான்பூச்சியையும் ஒழிங்க.”

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கோடு விழுந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். விழாத இடத்தையும் டைமர் அடிக்கும்வரை பாருங்கள். அங்கேதான் ஒருவர் பிழைப்பு இருக்கும்.

சில மாதம் கழித்துச் சந்தையில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். “எறா இருக்கா?” என்று சீண்டினேன்.

“எறா அங்கிட்டு வேற கடையில கேளுங்க. நம்மகிட்ட மீன் மட்டுந்தான்” என்றவர், செதில் ஒட்டிய கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.