வாலறுந்த வாக்கியம்

வெள்ளைக்கார அம்மா ஒருத்தி எங்கள் சபையில் எழுந்து நின்று பேசிய ஒரே ஒரு வாக்கியத்துக்காக எனக்கும் என் பெரியப்பாவுக்கும் மூண்ட சண்டை, அவர் கண்ணை மூடிய பிறகும் என் பக்கத்தில் முடியவில்லை. அடக்க ஆராதனையில் அவருடைய ஆங்கிலப் புலமையைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பா வளைகுடாவில் டிரைவர். அம்மையும் நானும் பெரியப்பா வீட்டின் பின்கட்டில் இருந்தோம். திருவட்டாற்றிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற ரோட்டில், ஆலயத்தை ஒட்டினாற்போல அந்த வீடு. பெரியப்பா பஹ்ரைனில் ஒரு கம்பெனி ஆபீசில் இருந்துவிட்டு வந்தவர். சபைக் கமிட்டிச் செயலாளர். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் என்ன வந்தாலும் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். மருந்து டப்பாவில் உள்ளதைக்கூட அவர் கண்ணாடி மாட்டி வாசித்துச் சொன்னால்தான் விழுங்குவார்கள்.

ஆலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அதில் ஒரு கல்லறைக்குத் துரை கல்லறை என்று பெயர். ஆலயத்தைக் கட்டிய மிஷனரி துரை அதற்குள் இருந்தார். ரப்பர் மரத்துச் சருகெல்லாம் காற்றில் வந்து அதன்மேல்தான் விழும். எங்கள் அடுக்களை வாசலுக்கும் கல்லறைக்கும் நடுவில் ஒரு இடிந்த மதில் மட்டுமே. சனிக்கிழமைதோறும் அம்மை ஈர்க்குமாறோடு மதிலைத் தாண்டிப் போய்ப் பெருக்குவாள். பாசியைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். தலைமாட்டில் ஒரு நந்தியாவட்டைகூட வைத்து வளர்த்திருந்தாள். ஏன் இந்த வேலை என்று கேட்டால், "சருகு கெடந்தா பாம்பு வந்து அடையும் மக்களே, அப்புறம் அது நம்ம அடுக்களைக்குத்தான் வரும்" என்பாள். பெரியம்மைக்குக் கல்லறை என்றாலே பயம். அந்தப் பக்கத்து ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வயிற்றெரிச்சலுக்கு இதுதான் ஆதாரம்.

துரையின் கொள்ளுப்பேத்தி இங்கிலாந்திலிருந்து வருகிறாள் என்று தகவல் வந்ததும் ஆலயத்துக்கு வெள்ளையடித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு காரில் வந்து இறங்கினாள். நரைத்த தலை, பருத்திச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. யாருக்கும் காத்திருக்காமல் நேரே கல்லறைக்கு நடந்தாள். அம்மை அப்போதுதான் பெருக்கி முடித்துவிட்டு, ஈர்க்குமாறோடு ஓரமாக ஒதுங்கி நின்றாள். அந்த அம்மா கல்லறையைப் பார்த்தாள், நந்தியாவட்டையைப் பார்த்தாள், அம்மையைப் பார்த்தாள். அதற்குள் கமிட்டிக்காரர்கள் மாலையோடு ஓடிவந்துவிட்டார்கள்.

மறுநாள் ஆராதனையில் அந்த அம்மா பேசினாள். பெரியப்பா கோட்டு போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

இந்த இடத்தில் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆங்கில டீச்சரின் விரலுக்கிடையில்தான் அது இருந்தது. மேசைமேல் இருக்கிற புத்தகம் என்பதை நான் தமிழ் நினைப்பில் மேசையில் தொடங்கி எழுதுவேன். டீச்சர் காதைத் திருகுவார். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்து உட்கார்ந்துவிடும். எதன்மேல், யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வரும். நாம் ஆளைச் சொல்வதற்கு முன்னால் அடையாளம் எல்லாம் சொல்லி முடிப்போம். அவர்கள் ஆளை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு சாவகாசமாக அடையாளம் சொல்வார்கள். எனவே ஆங்கிலம் கேட்கிறவன் கடைசி வார்த்தை வரைக்கும் காத்திருக்க வேண்டும். இது என் காது வலித்து வலித்துப் படித்த பாடம்.

பெரியப்பாவுக்குக் காத்திருக்கிற பழக்கம் இல்லை. "இங்கிலாந்தின் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கிற என் சிறிய சபையாரின் வாழ்த்துகள்" என்பதை அந்த அம்மா ஆங்கில வரிசையில் சொன்னால், சபை என்ற சொல் காதில் விழுந்ததுமே "சபையார் வாழ்த்து சொல்லுகாவ" என்று முடித்துவிடுவார். வடக்கும் மலையும் காற்றில் போகும். ஜனங்கள் அவருடைய வேகத்தைப் பார்த்து அசந்து போய் இருந்தார்கள்.

பேச்சின் கடைசியில் அந்த அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். ஆலயத்தின் பின்பக்கம் பார்த்தாள். பிறகு நன்றி சொல்ல விரும்புவதாகச் சொன்னாள். யாருக்கு? "தி வுமன்" என்றாள். அப்புறம் "இன் த ப்ளூ சாரி" என்றாள். அப்புறம் "பை த லாஸ்ட் விண்டோ" என்றாள். அதற்கும் அப்புறம், என் கொள்ளுத்தாத்தாவின் கல்லறையை இவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டவள் என்றும் சொன்னாள்.

கடைசி ஜன்னலோரம் நீலச் சேலையில் இருந்தது எங்க அம்மை.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கல்லறையைப் பராமரிச்ச சகோதரிக்கு அம்மா நன்றி சொல்லுகாவ" என்றார். அவ்வளவுதான். நீலமும் இல்லை, ஜன்னலும் இல்லை.

"எந்தச் சகோதரி?" என்று போதகர் கேட்டார்.

பெரியப்பாவின் கண் முன்வரிசையில் பட்டுச் சேலையோடு இருந்த பெரியம்மைமேல் போய் நின்றது. அவர் வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்கிறேன். பார்த்தார், சிரித்தார். போதகருக்கு அது போதுமாக இருந்தது. "செயலாளர் வீட்டம்மாதானா! வாங்கம்மா, வாங்க" என்றார். பெரியம்மை எழுந்து போனாள். கூசவில்லை. பொன்னாடையை வாங்கித் தோளில் சரிசெய்துகொண்டாள்.

வெள்ளைக்கார அம்மா திகைத்து, "நோ, நோ" என்றாள். பெரியப்பா "யெஸ், யெஸ்" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

நான் பெஞ்சின்மேல் ஏறி நின்றேன். "நீலச் சேலை! அவிய சொன்னது நீலச் சேலை! பெரியம்மை உடுத்திருக்கது நீலமா?" என்று கத்தினேன்.

ஆலயமே திரும்பிப் பார்த்தது. அம்மை என் பாவாடையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து உட்காரவைத்தாள். "சும்மா இரி மக்களே." அவள் கை என் வாயைப் பொத்தியிருந்தது. பொத்திய கைக்குள்ளேயும் நான் நீலம் நீலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பெரியப்பா என்னை முன்கட்டுக்குக் கூப்பிட்டார். கோட்டைக் கழற்றியிருந்தார். பெரியம்மை பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சபைக்குள்ள நின்னு என்ன கூப்பாடு?"

"நீங்க பாதிதான் சொன்னிய. மிச்சத்தை விட்டுட்டிய."

"ஏழாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தாறியா? கேட்டுக்கோ. இங்கிலீஷ்ல மொதல்ல வாறதுதான் காரியம். பின்னால வாறது வாலு. வாலை வெட்டினா மாடு சாகுமா?"

"அந்த வாலிலதான் எனக்க அம்மை இருந்தா!"

கன்னத்தில் ஒரு அடி விழுந்தது. பலமான அடி ஒன்றுமில்லை. ஆனால் பெரியம்மை, "யாரு பெருக்கினா என்னட்டி, வீடு ஒண்ணுதானே" என்றாளே, அதுதான் வலித்தது. ஒரே வீடு என்றால் அந்தப் பொன்னாடை பின்கட்டுக்கு ஏன் வரவில்லை? பெரியம்மை பொன்னாடையோடு நின்ற போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஆலய ஆபீசில் மாட்டினார்கள். இன்றைக்கும் தொங்குகிறது. கல்லறையில் கால் வைக்காத ஒருத்தி, கல்லறையைப் பேணியதற்காக அதில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த அறை வாசலில் எனக்குப் பழைய காய்ச்சல் திரும்புகிறது.

அன்றைக்கு எனக்குப் பெரியப்பாவைவிட அம்மைமேல்தான் கோபம் அதிகம். அவளுக்காக அடிவாங்கி வந்தால், அவள் எந்த நாளும்போல் சாதாரணமாக அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு சானல் வாய்க்காலுக்குத் துவைக்கக் கிளம்புகிறாள். பாவம், தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்றே இவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். ராத்திரி சோற்றுக்கு முன்னால் அந்த வாக்கியத்தை முழுசாகத் தமிழில் சொன்னேன். நீலம், ஜன்னல், அன்பு, எல்லாவற்றையும் முன்னால் வைத்து, பெண்ணைக் கடைசியில் வைத்துச் சொன்னேன். அம்மை கேட்டுக்கொண்டாள். "நல்லா சொல்லுதியே" என்றாள். எனக்குக் குழம்பு ஊற்றினாள். இவளுக்கு ரோஷமே இல்லை என்று தீர்மானித்து, அவளிடம் பேசுவதில்லை என்று சபதம் செய்தேன்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் பின்பக்கத்து அயினி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வெள்ளைக்கார அம்மாவின் கார் வந்து நின்றது. அங்கிருந்து முட்டம் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். அவள் முன்வாசலுக்குப் போகவில்லை. பெரியப்பா அங்கே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். கார் வந்ததே அவருக்குத் தெரியாது. அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்து போனாள். அம்மை அடுக்களையிலிருந்து பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மதிலைத் தாண்டினாள்.

இரண்டு பேரும் நந்தியாவட்டைக்குப் பக்கத்தில் நின்றார்கள். மரத்திலிருந்து எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆள் மட்டும் தெரிந்தது. அந்த அம்மா பேசினாள். அம்மை தலையாட்டினாள். இறங்கிப் போய் மொழிபெயர்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னைப் பிடித்து இழுத்தவள்தானே, தெரியாத பாஷைக்கு நின்று தலையாட்டட்டும் என்று இருந்துவிட்டேன். அவர்கள் நெடுநேரம் நின்றார்கள். அம்மை கையை நீட்டி மலையைக் காட்டினாள், ஆலயத்தைக் காட்டினாள். ஒருதடவை இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு விளங்காதபோது என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. போகும்போது அந்த அம்மா அம்மையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

கார் போனதும் சபதத்தை மறந்து இறங்கி ஓடினேன். "என்னம்மா சொன்னா?"

"ஒண்ணுமில்ல மக்களே. அவியளுக்க ஊர்ல இப்ப மழையாம். துரைக்கு மழைன்னா ரொம்ப இஷ்டமாம், அதனாலதான் இந்த ஊரு அவருக்குப் பிடிச்சுப் போச்சாம்."

பெரியப்பாவை எப்படிப் பழிவாங்கலாம் என்ற யோசனையிலேயே நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இதெல்லாம் அம்மைக்கு யார் சொல்லி விளங்கிற்று என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.