ஓட்டம் பிசகிய தந்தியும் குஞ்சுவின் தாலியும்

ஏட்டி குஞ்சு...

இன்று காலை உன் கணக்கை முடிக்க பேங்குக்குப் போனேன்.

(நண்பர்களுக்கு: குஞ்சு என் தம்பி பெண்டாட்டி. போன மாசம் எங்களை விட்டுப் போய்விட்டாள். நான் படித்தது மூணாங்கிளாஸ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கவுண்டரில் பாஸ்புக்கை வாங்கி பிரிண்டருக்குள் விட்டார்கள். பூராவும் கிறுக்கல்! உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரமும் கேள்விக்குறியும்.

கவுண்டர் பெண் சொன்னாள், "புது கம்ப்யூட்டர், ஆச்சி. இது ஒரு ஸ்பீடுல அனுப்புது, பிரிண்டர் வேற ஸ்பீடுல வாங்குது. ரெண்டையும் ஒண்ணா வச்சாத்தான் எழுத்து எழுத்தா விழும். செத்த இருங்க."

இருந்தேன். 

இதே பேச்சை அறுபதுகளில், ஒரு சாரல் மாசத்தில் கேட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் அப்போது தந்தி ஆபீசில் மெக்கானிக். குற்றால சீசனுக்கு ரூம் கேட்டுத் தந்திகள் குவியும் என்று டெலிபிரிண்டர் வைத்திருந்தார்கள். அங்கே தட்டினால் இங்கே தானாக அடிக்கும்.

தம்பி பட்டாளத்தில். எல்லையில் சண்டை. குஞ்சு கல்யாணமாகி வந்த புதுசு.

அன்றைக்கு நான் சோத்துத் தூக்கோடு ஆபீசுக்குப் போனால், இவர் கையில் ஒரு தாள். முகம் சரியில்லை.

"ஒங்க அப்பா பேரு தெளிவா விழுந்துருக்கு. பட்டாளத்துலேருந்துதான். மத்ததெல்லாம் எழுத்து சிதறிட்டு."

"தம்பிக்கு என்னன்னு சொல்லுங்க!"

"படிக்க முடியலட்டி. அனுப்புத மெஷினு ஒரு ஓட்டம், இது வேற ஓட்டம் ஓடுது. சரி பண்ணி மறுபடி அனுப்பச் சொல்லுதேன். அதுவரைக்கும் மூச்சு விடாத."

நான் மூச்சு விடவில்லை. (தந்தி கொண்டுபோகிற ஆள் விட்டுவிட்டார்! எங்கள் ஊரான இலஞ்சியில், தெரு வழியாகப் போகும்போது பட்டாளத்திலிருந்து தந்தி வந்திருக்கிறது என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார்.)

இவர் கவட்டை மாதிரி ஒரு இரும்பை முழங்காலில் தட்டி, அதன் இடுக்கு வழியாக மெஷினில் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தார். சக்கரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஓட்டம் சரியென்றால் அந்தக் கோடுகள் நின்ற மாதிரி தெரியுமாம். திருகினார், தட்டினார், பார்த்தார். மறுபடி திருகினார்.

"நின்னுட்டு!" என்றார்.

மழையில் லைன் கிடைக்க மத்தியானம் தாண்டிவிட்டது. பிறகு மெஷின் அடித்தது. இவர் வாசித்தார்.

"ஏட்டி, உசுரோட இருக்கான்! கால்ல குண்டு. ஆஸ்பத்திரில கெடக்கான்."

சாரலில் ஓடினோம். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது.

எங்கள் பக்கம் தந்தி என்றாலே சாவுதான். படித்துப் பார்த்து அழுகிறவர்கள் கிடையாது.

தாலியை அறுக்கப் பதினாறாம் நாள் வரை பொறுப்பார்கள். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை பொறுக்கவில்லை. "பொணமே வராத சாவுக்கு நாள் என்ன நாளு?" என்று அன்றைக்கே முடித்துவிட்டாள்.

பால் கிண்ணத்துக்குள் குஞ்சுவின் தாலி கிடந்தது. தரையெல்லாம் வளையல் துண்டுகள்.

"அவன் சாகலை!" என்று இவர் கத்தினார்.

ஒப்பாரி நின்றது. அத்தை வாயில் கைவைத்தாள். பிறகு, "எறக்குனத திரும்ப ஏத்தப்படாது. அவன் வந்து புதுசாக் கட்டட்டும்" என்றாள்.

குஞ்சு அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"எந்தக் காலு மைனி?"

தம்பி கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனே புதுத் தாலி வாங்கிவந்தான். முருகன் கோயிலில் நாள் குறித்தோம்.

"வேண்டாம். உள்ள வச்சிருங்க" என்றுவிட்டாள் குஞ்சு.

நான் கெஞ்சினேன். அத்தை அவள் காலில் விழாத குறை. தம்பி கோபப்பட்டான், பிறகு விட்டுவிட்டான்.

வெறுங்கழுத்தோடே அவனோடு வாழ்ந்தாள். மூன்று பிள்ளை பெற்றாள். புருஷனை வைத்துக்கொண்டே கல்யாண வீடுகளில் பின்னால் நின்றாள். "கிறுக்கி" என்று தெருவே சொன்னது. காரணம் கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பல வருஷம் கழித்துத் தம்பி நிஜமாகவே போனான். பதினாறாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கழுத்தைப் பார்த்தார்கள்.

(அறுக்க வந்தவர்களுக்கு வேலையே இல்லை!)

எழுந்து போய்விட்டார்கள்.

ஏட்டி குஞ்சு, ஒருக்கா அறுத்தவுகள இன்னொருக்கா அறுக்க விடப்படாதுன்னுதான் நீ கட்டிக்கிடவே இல்லையாட்டி?