எடுத்தாச்சுண்ணே என்று நான் சொன்ன பெயர்

போடிநாயக்கனூரில் பிறந்துவிட்டு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால் ஊரே சிரிக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. போடிமெட்டுக்கு ஏறும்போது மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே எனக்குக் குடலைப் புரட்டும். அதனால் மலைமேல் இருக்கும் எந்த வேலையையும் கீழே உட்கார்ந்தபடியே முடிக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கம் ஒரு மனிதரைப் போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை கொண்டுபோகப் பார்த்தது.

ஊரில் ஏலக்காய் மண்டி ஒன்றின் கணக்கெல்லாம் இருக்கும் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் என்றதும் ஏசி, கண்ணாடி அறை என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருக்கும். கழற்றித் துடைத்தால் பாயசத்தில் போடலாம்போல் மணக்கும்.

அந்த மண்டியில் பல வருடம் கிளார்க்காக இருந்த அண்ணன் ஒருவர் ஆடி மாதம் விலகி, இன்னொரு வியாபாரியிடம் சேர்ந்தார். புது முதலாளிக்குக் கேரளப் பக்கமும் கடை உண்டு. எங்கள் முதலாளிக்கு அதில் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். அண்ணன் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ளே, கம்ப்யூட்டர்ல என் பேரை எடுத்துருங்க. நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது."

மறுநாளும் போன் போட்டுக் கேட்டார். "எடுத்தாச்சுண்ணே" என்றேன். எடுக்கவில்லை. அவருடைய பாஸ்வேர்டை மட்டும் பூட்டி வைத்தேன். பெயரை அழிப்பதென்றால் அவர் விட்டுப்போன கோப்புகளையெல்லாம் வேறு பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் உட்கார வேண்டும். பூட்டினாலும் எடுத்தாலும் ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, சர்வருக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். முதலாளி காப்பியோடு பின்னால் நின்றிருந்தார். பட்டியலில் அண்ணன் பெயர் வரிசையாக நின்றது. கிட்டத்தட்ட தினமும் காலை ஆறரை, ஆறே முக்கால். வந்த வழி கேரளத்து நெட்வொர்க்.

"பாத்தியா தம்பி. நம்ம சரக்கு வெவரமெல்லாம் ஏலத்துக்கு முன்னாடியே அங்க போகுது. அதான் போன ஏலத்துல நம்ம காயை ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

காய் சுமாராக இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம காலையில ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுக்குள்ள ஆதாரத்தை எடுத்து வை" என்றார்.

இந்த ஊர் வியாபாரிகள் எல்லோரும் ஒரே ஏலக்கூடத்தில் உட்காருகிறவர்கள். காலையில் புகார் எழுதினால் மத்தியானத்துக்குள் அண்ணனின் புது வேலை போய்விடும். வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இதெல்லாம் தெரிந்தும் நான் அவருக்கு ஒரு போன் போடவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் அவர் எதிரே வருவதைப் பார்த்ததும், யாருடனோ பேசுவதுபோல் போனைக் காதில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குள் புகுந்தேன். சும்மா நிற்க முடியாமல் ஒரு தைலம் வேறு வாங்க வேண்டியதாயிற்று.

புதன்கிழமைதான் புத்தி வந்து பட்டியலை முழுதாகப் படித்தேன். பாஸ்வேர்டு பூட்டியிருக்கும்போது எப்படி நுழைந்தார்? பக்கத்திலேயே எழுதியிருந்தது: சாவியால். சாவி என்பது நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு சின்னக் கோப்பு. அது இருந்தால் சர்வர் பாஸ்வேர்டே கேட்காது. முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து போட்டிருக்கிறேன். சரி, அந்தச் சாவி எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? காலண்டரை எடுத்து ஒவ்வொரு நாளாக ஒப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் நுழையவில்லை. மழையில் பாறை விழுந்து மலைப்பாதையில் ஜீப் ஓடாத இரண்டு நாளும் நுழையவில்லை. அப்படியென்றால் இந்தத் திருடன் ஜீப்பில் போகிறவன். கேரள எல்லையில் இருக்கும் மெட்டில் போய் நின்றால் நம் ஊர்ப் போனும் கேரளத்து டவரைத்தான் பிடிக்கும். அப்படியானால் அத்தனை வளைவையும் தாண்டி நானே ஏறித்தான் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிகாலையில் கையில் எலுமிச்சம்பழத்தோடு, எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்தேன். ஐந்தாவது வளைவில் பழத்தைக் கடித்துவிட்டேன்.

"தம்பி, அதை மோந்து பாக்கணும், திங்கக் கூடாது" என்றார் ஒருவர். மீதி வளைவு பூராவும் ஜீப்பே சிரித்தது.

மெட்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். முன்சீட்டில் இருந்தவர் எங்கள் மண்டி அக்கா. மேலே காயை உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர். டீ வருவதற்குள் மடியில் லேப்டாப்பை விரித்துப் போனோடு இணைத்தார். மணி ஆறு நாற்பது.

"என்னக்கா பண்றீங்க?"

"நேத்துக் காஞ்ச காய் எடையை அனுப்புறேன் தம்பி. மேல ஸ்டோர்ல ரேஞ்சு கெடையாது. திரையில இருக்கற இந்தப் படத்தை ரெண்டு தட்டு தட்டுங்க, வேற எதையும் தொடாதீங்கன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க?"

கறுப்புத் திரை திறந்தது. அண்ணன் பெயர் வந்து நின்றது.

"இது யாரு பேருக்கா?"

"கம்ப்யூட்டர் பேருன்னுல்ல நெனச்சேன்."

அது அண்ணன் மண்டியில் விட்டுப்போன பழைய லேப்டாப். அக்காவுக்குப் புதுப் பெயர் போட்டுத் தர நான் மலை ஏறியிருக்க வேண்டும். ஏறச் சோம்பி, சாவியோடும் அந்தப் படத்தோடும் அப்படியே ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பியது நான். தினமும் காப்பியோடு முதலாளி பார்க்கிற எடை விவரம், அவர் தேடுகிற திருடன் கொண்டுவந்து வைத்ததுதான்.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப திருடன் யாரு?"

"நான்தான் மொதலாளி."

வாயில் இருந்த காப்பியை அவர் விழுங்குவது கேட்டது. பிறகு, "சரி, ஸ்டேஷனுக்குப் போகல. வெரசா எறங்கி வா" என்றார். "வாந்தி எடுத்தியா?" என்றும் கேட்டார்.

அக்காவுக்கு அவருடைய சொந்தப் பெயரிலேயே நுழைய வழி செய்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கண்முன்னால் சர்வரைத் திறந்து, அவர் பெயரை அழிக்கும் கட்டளையை அடித்தேன். திரை சும்மா நின்றது.

"ஒண்ணுமே சொல்லலையே மாப்ளே?"

"தப்புன்னாத்தான் அது வாயத் தெறக்கும்ணே. சரியா நடந்துட்டா ஒண்ணும் சொல்லாது."

சிரித்தார். காப்பி வந்தது. பாதி குடித்திருப்பேன்.

"செவ்வாக்கெழம பஸ் ஸ்டாண்டுல போன் பேசிக்கிட்டே மருந்துக்கடைக்குள்ள போனீங்கல்ல?"

"ஆமாண்ணே."

"எதுத்தாப்ல நின்னு ஒங்களுக்குத்தான் அடிச்சேன். பேசிக்கிட்டு இருக்கற போனு பிஸின்னு வரணும். கடைசி வரைக்கும் ரிங்கு போச்சு."

போன் சைலண்டில் இருந்திருக்கிறது. அந்த அழைப்பை அன்று சாயங்காலமே பார்த்தேன், திருப்பிக் கூப்பிடவில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் பாதிக் காப்பி மீதியிருந்த என் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.